முதல் வரியில் பிழை

பெயர் வைப்பதில் உன் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது, பாப்பா. நீ எலும்பு, தசை என்று பிசியோதெரபி பக்கம் போய்விட்டாய். எங்கள் வேலை உனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒரு வெப்சைட்டில் இருக்கிற ஒவ்வொரு பக்கத்துக்கும், ஒவ்வொரு பட்டனுக்கும் நாங்கள் உள்ளுக்குள் ஒரு பெயர் வைப்போம். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. நான் வைத்தால் பெயர் கூட்ஸ் வண்டி மாதிரி நீளும். அவள் வைத்தால் சின்னதாக, பார்த்த உடனே எதற்கென்று புரிகிற மாதிரி இருக்கும். இதை அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவளைப் பாராட்டுவதில் நான் கஞ்சத்தனம் பார்த்தவன் இல்லை.

உட்கார். அவள் தூங்குகிறாள், மாத்திரை போட்டால் சாயங்காலம் வரை எழமாட்டாள். நீ கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அம்மாவுக்கு இந்த மறதி எப்போது ஆரம்பித்தது, எப்படி ஆரம்பித்தது என்று கேட்கிறாய். டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்கிறாய். பாட்டிக்கு வந்தது, அம்மாவுக்கு வந்தது, அடுத்தது எனக்குத்தான் என்று நீயாக முடிவு கட்டி, நல்ல பையன் ஒருவனோடு நடக்கவிருந்த கல்யாணத்தை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாய். அதனால்தான் சொல்கிறேன். இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். குறுக்கே பேசாமல் கடைசி வரை கேள், பிறகு உன் இஷ்டம்.

எங்கள் கம்பெனியில் இன்னும் பழைய முறைதான். ஒரு பக்கத்துக்கு இரண்டு பாதி. கண்ணுக்குத் தெரிகிற பாதியை டெம்ப்ளேட் என்போம். தலைப்பு எங்கே, பெட்டி எங்கே, பட்டன் எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். அது உன் அம்மாவின் வேலை. அந்தப் பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பது பின்னால் இன்னொரு ஃபைலில் இருக்கும். அது என் வேலை. டெம்ப்ளேட்டின் முதல் வரியில், எனக்குப் பின்னால் இருப்பது இன்னார் என்று என் பாதியின் பெயரை அவள் எழுதியிருப்பாள். அந்தப் பெயர் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிற வரைக்கும் வண்டி ஓடும். ஒரு பக்கம் மட்டும் மாறினால் பக்கம் திறக்காது. சிவப்பில் ஒரு தலைப்பு வரும், கீழே ஒரு மஞ்சள் பெட்டி வரும், தப்பு எந்த ஃபைலில் எந்த வரியில் என்று அந்தப் பெட்டிக்குள் எழுதியிருக்கும்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. என் பாதியில் நான் பெயரை மாற்றினால்கூட அந்த மஞ்சள் பெட்டி என் ஃபைலைக் காட்டாது. டெம்ப்ளேட்டைத்தான் காட்டும். முதல் வரி, அவள் ஃபைல். கம்ப்யூட்டரைக் குறை சொல்ல முடியாது. அது டெம்ப்ளேட்டைப் படித்துக்கொண்டு வருகிறது, அங்கே எழுதியிருக்கிற பெயரைத் தேடுகிறது, கிடைக்கவில்லை என்றதும் தேடச் சொன்ன வரியைக் கைகாட்டிவிட்டு நின்றுவிடுகிறது. விவரம் தெரிந்தவன் இரண்டு ஃபைலையும் திறந்து வைத்துப் பார்ப்பான். மற்றவர்கள் கை காட்டிய இடத்தை மட்டும் பார்ப்பார்கள்.

மற்ற டீம்களில் ஒரு பெயரை மாற்றினால் மெயில் போடுவார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. காரில் போகும்போது பேசிக்கொள்வோம், சாப்பிடும்போது பேசிக்கொள்வோம். அவள் தலை துவட்டிக்கொண்டே கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பாள், நான் வாயில் பிரஷ்ஷோடு பதில் சொல்வேன். எங்கள் மேனேஜரை நீ பார்த்திருக்கிறாய். எதைச் சொன்னாலும் சரி சரி என்பதால் அவருக்கு அலுவலகத்தில் பெயரே சரிசரி. நீங்கள் இரண்டு பேரும் வீட்டில் சண்டை போட்டால் நம் சைட் படுத்துவிடும் என்று அவர் மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்லிச் சிரிப்பார். நாங்கள் சண்டை போட்டதே இல்லை. வேண்டுமானால் அம்மாவையே கேட்டுப் பார்.

குடிநீர் அலுவலகத்துக்காகப் புகார்ப் பக்கம் செய்துகொண்டிருந்தோம். குழாய் உடைந்தால், தண்ணீர் கலங்கலாக வந்தால் மக்கள் பதிவு செய்கிற பக்கம். என் பாதியை ஒழுங்குபடுத்தும்போது ஒரு நீளமான பெயரைச் சுருக்கினேன். அவள் பாணியில் சுருக்கினேன் என்றே சொல்லலாம். எல்லோருக்கும் பொதுவான சர்வரில் ஏற்றினேன். அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தவன் நான், அதை மறுக்கவில்லை. மறுநாள் குடிநீர் அலுவலக என்ஜினியர் வந்து உட்கார்ந்ததும் அவள் ப்ரொஜெக்டரில் பக்கத்தைத் திறந்தாள். சுவரை அடைத்துக்கொண்டு சிவப்புத் தலைப்பு வந்தது. அந்த மனிதர் மஞ்சள் பெட்டியில் இருந்த ஃபைல் பெயரைச் சத்தமாகப் படித்துவிட்டு, இது யார் செய்தது என்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள்.

மத்தியானம் என் மேசைக்கு வந்தாள். கோபமாக வரவில்லை, தெரிந்துகொள்ளத்தான் வந்தாள்.

"பேரை மாத்தினீங்களா?"

பக்கத்தில் சரிசரியும் இன்னும் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"சொன்னேனே. கார்ல வரும்போது சொன்னேன்ல?" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நானே யோசித்திருக்கிறேன். வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் முகம் சுருங்கக் கூடாது என்று எல்லோரும் சொல்கிற அளவுப் பொய். இல்லை, நீங்கள் சொல்லவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் சிரித்து மழுப்பியிருப்பேன், கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. கண்ணைச் சுருக்கி யோசித்தாள். பிறகு, ஆமாம், சிக்னலில் நின்றபோது ஏதோ சொன்னீர்கள், நான்தான் கவனிக்கவில்லை என்றாள்.

அந்தச் சிக்னலை நான் சொல்லவில்லை, பாப்பா. அவளாகச் சேர்த்துக்கொண்டாள். இதில் அவள் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. முறைக்காதே, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அவ்வளவு சுலபமாக ஏன் ஒப்புக்கொண்டாள் என்பது உனக்கே தெரியும். பாட்டியின் கடைசி வருடங்களை நீ பார்த்தவள். பெற்ற மகளைப் பார்த்து, நீ யார் வீட்டுப் பெண், உன்னை வீட்டில் தேடமாட்டார்களா என்று பாட்டி கேட்டபோது நீ அந்த அறையில்தான் இருந்தாய். குளிப்பாட்டியது, ஊட்டியது, கதவைப் பூட்டிக்கொண்டு அழுதது எல்லாம் உன் அம்மா. எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் இது வந்தா மொதல்ல உங்களுக்குத்தான் தெரியும். மனசு நோகும்னு மறைச்சுடாதீங்க. வாய்விட்டுச் சொல்லிடுங்க" என்றாள். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் என்று உனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. ஒரு புது பிராஜெக்ட்டுக்கு அவளைத் தலைமையாகப் போட சரிசரி முடிவு செய்திருந்தார். வேறு ஊர்க் கிளை. அங்கே புது முறை, இரண்டு பாதி என்ற பேச்சே கிடையாது. முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் ஒரே ஆள் எழுதிவிடலாம். அதை அவள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து தானாகவே படித்துக்கொண்டிருந்தாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான் டீ போட்டுக் கொண்டுபோய் வைப்பேன். தேங்க்ஸ் என்பாள், திரும்பமாட்டாள். எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதே. அலுவலகத்தில் முதலில் கைகொடுத்தவன் நான்தான். ஆனால் அவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. என்னுடைய பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தையும் திறக்க முடியாது, அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சிவப்புத் திரை வந்த அன்று சாயங்காலம் அவள் பின்னறையில் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கொஞ்சம் உட்காருங்கள், நான் எழுதியதை எல்லாம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், எனக்கு என்மேலேயே நம்பிக்கை இல்லை என்றாள். உட்கார்ந்தேன். வரி வரியாகப் பார்த்தோம். ஒரு தப்பும் இல்லை. அவள் தோள் என் தோளில் இடித்துக்கொண்டே இருந்தது. ரொம்ப நாள் கழித்து அந்த அறையில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இரண்டாவது தடவை மறதி இல்லை. பட்டனை அழுத்தினால் ஓடவேண்டிய வேலைக்கு ஒரு பெயர் உண்டு. டெம்ப்ளேட்டில் பட்டனுக்குப் பக்கத்தில் அவள் அதை எழுதியிருப்பாள். என் பக்கம் அதை மாற்றினேன். அவள் காலையில் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு எழுந்துபோன பிறகு ஏற்றினேன். இந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று கம்ப்யூட்டர் அவள் வரியைச் சிவப்பாக்கிக் காட்டியது. ஓடி வந்தாள். காலையில் ஓடியதே என்றாள். நீ உன் கம்ப்யூட்டரில் பார்த்திருப்பாய், சர்வரில் பார்த்திருக்கமாட்டாய் என்றேன். இல்லை, சர்வரில்தான் பார்த்தேன் என்றாள். பிறகு, பார்த்தேனா என்று அவளே கேட்டுக்கொண்டாள். போன வாரம் சாப்பிடும்போது நான் சொன்னதற்கு, பெயரை மாற்றலாம் என்று நீதானே சொன்னாய் என்று கேட்டேன். தட்டில் கை வைத்தபடி சொன்னாய் என்றேன். நான் இட்டுக்கட்டிச் சொன்னது அந்தத் தட்டு ஒன்றுதான்.

நீ யோசிப்பது எனக்குப் புரிகிறது. யார் எந்த ஃபைலை எப்போது மாற்றினார்கள் என்று பதிவாகுமே, அம்மா அதைப் பார்க்கவில்லையா என்கிறாய். பார்த்தாள். அதில் என் பெயர்தான் இருந்தது. மாற்றியது நானில்லை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லையே. மாற்றினேன், உன்னிடம் சொல்லிவிட்டு மாற்றினேன் என்றுதான் சொன்னேன். சொன்னேனா இல்லையா என்பது மட்டும் எந்த இயந்திரத்திலும் பதிவாவதில்லை. இன்னொன்றையும் நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் ஃபைலில் நான் ஒரு தடவைகூடக் கை வைத்ததில்லை. ஒரு எழுத்தைத் தொட்டதில்லை.

இனிமேல் மெயிலிலேயே சொல்லிவிடுங்கள் என்று ஒரு தடவை கேட்டாள். புத்திசாலித்தனமான யோசனை. "ஒரே வீட்ல இருந்துக்கிட்டு மெயிலா? என்னை நம்பலைன்னு நேராவே சொல்லிடேன்" என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. அப்படியெல்லாம் இல்லை, என்னைத்தான் நான் நம்பவில்லை என்றாள். மெயில் பேச்சு அதோடு போயிற்று.

ரொம்பச் செய்யவில்லை. நடுவில் நாள் விட்டுத்தான் செய்தேன். ஒரு தடவை மட்டும் கொஞ்சம் கைமீறிப் போயிற்று. பட்டனையும் வேலையையும் இணைக்கும் வரி அவள் டெம்ப்ளேட்டில் இருக்கும்போதே என் பக்கமும் ஒன்றைப் போட்டுவிட்டேன். ஒரு தடவை அழுத்தினால் வேலை இரண்டு தடவை ஓடும். அவளுடையதை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன் என்பது என் பேச்சு. எரர் எதுவும் வரவில்லை, பக்கம் அழகாகத் திறந்தது; ஒவ்வொரு புகாரும் இரட்டையாகப் பதிவாயிற்று. ஒரே தெருவுக்கு இரண்டு வண்டி ஆட்கள் கடப்பாரையோடு போய், ஒருவர் மூடிய பள்ளத்தை இன்னொருவர் தோண்டியிருக்கிறார்கள். அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் கழிவறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வரும்போது காரை ஓரமாக நிறுத்தினேன். நீ என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினாயே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டு, சொல்லுங்கள் என்றாள். கொஞ்ச நாளாகக் கவனிக்கிறேன், உங்கள் அம்மாவுக்கும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்தது என்றேன். ரொம்ப மெதுவாக, பக்குவமாகச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. "மறைக்காம சொன்னீங்களே, தேங்க்ஸ்ங்க" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

புது பிராஜெக்ட் வேண்டாம் என்று அவளே சரிசரியிடம் சொன்னாள். அவர் சரி சரி என்றார். அதோடு நின்றிருந்தால் நானும் நின்றிருப்பேன். ஆனால் அடுத்த மீட்டிங்கில் என்ஜினியர் அவளிடம் சாதாரணமாக ஏதோ ஒரு தேதியைக் கேட்டார். அவளுக்கு அது தெரியும், போன நிமிடம்தான் என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எனக்கு ஞாபக மறதி வந்திருக்கிறது, என் வேலையில் இனிமேல் யாரும் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றாள். என்ஜினியர் அவள் பக்கம் தண்ணீர் டம்ளரை நகர்த்தினார். வேலையை விடு என்று நான் சொல்லவே இல்லை. அன்றே விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு ஏன் தொடர்ந்தேன் என்று நீ கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். உன் அம்மா எவ்வளவு புத்திசாலி என்பதை நீ மறக்கக் கூடாது. எங்கள் தொழிலில் முதல் பாடம் என்ன தெரியுமா? ஒரு பிழை ஒரு இடத்தில் மட்டும் வந்து இன்னொரு இடத்தில் வரவில்லை என்றால், குற்றம் எழுதிய கோடில் இல்லை, அது ஓடுகிற இடத்தில் இருக்கிறது. வேலையை விட்ட மறுநாளிலிருந்து வீட்டில் அவளுக்கு ஒரு மறதியும் வரவில்லை என்றால், அவள் உட்கார்ந்து யோசிப்பாள். அலுவலகத்தில் மட்டும் ஏன் வந்தது, அங்கே என்ன இருந்தது, யார் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவாள். கண்டுபிடித்துவிடுவாள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அது தெரிந்தால் அவள் மனசு என்ன பாடுபடும்? அதனால்தான் வீட்டிலும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சாவியை ஆணியில் மாட்டுவாள், நான் எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைப்பேன். அவள் அணைத்துவிட்டுப் போன அடுப்பை மறுபடி சிம்மில் ஏற்றிவிட்டு, அவளைக் கூப்பிட்டுக் காட்டுவேன். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன், ஆபத்து ஒன்றும் இல்லை. நீ போன் செய்துவிட்டு வைத்த பிறகு, பாப்பா ஏன் இன்னும் போன் செய்யவில்லை என்று கேட்பேன். அவள் குழம்பிப்போய் மறுபடி உன்னைக் கூப்பிட்டு, ஏன் போன் செய்யவில்லை என்பாள்.

நீ அந்த நாட்களில் என்னிடம் வருத்தப்பட்டாய், அம்மா உன் போனையே மறந்துவிடுகிறாள் என்று. நீ அழுததும் எனக்குத் தெரியும். அது என் கணக்கில் இல்லாதது. உனக்கு ஒரு கஷ்டமும் வரக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நானே கூட்டிக்கொண்டு போனேன், அதையும் சேர்த்துக்கொள். தலையை ஸ்கேன் எடுத்தார், கேள்வி கேட்டார், படம் வரையச் சொன்னார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம், இந்த விஷயத்தில் கூட இருக்கிறவர்கள் சொல்வதுதான் எங்களுக்கு முக்கியம், வீட்டில் எப்படி என்று கேட்டார். சாவியைச் சொன்னேன், அடுப்பைச் சொன்னேன், உன் போனைச் சொன்னேன். சொன்ன எதுவும் நடக்காதது இல்லை. சாவி அரிசி டப்பாவுக்குப் பின்னால்தான் இருந்தது. அவர் பெருமூச்சு விட்டு ஒரு மாத்திரை எழுதினார். அதைப் போட்டால் தூக்கம் வரும் என்றார். போட ஆரம்பித்த பிறகு அவள் உண்மையாகவே மறக்க ஆரம்பித்தாள். குழம்பு வைத்தாளா இல்லையா, குளித்தாளா இல்லையா என்று தெரியாமல் ஈரத் துண்டோடு நடுவீட்டில் நின்றாள். ஆக, நான் சொன்னது முழுக்கப் பொய் என்றும் யாரும் சொல்லிவிட முடியாது.

ஒன்று மட்டும் எனக்குச் சங்கடமாக இருந்தது. காலையில் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் சொல்லிப் பார்ப்பாள். உன் போன் நம்பர், உன் பிறந்தநாள், என் பிறந்தநாள், நாம் இருக்கிற தெரு, பிறகு தான் வேலை செய்த பக்கங்களின் பெயர்கள் என்று, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி. ஒன்றுகூடத் தப்பாது. தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்திருந்தாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். முடித்ததும் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுவாள். அப்புறம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அந்த நேரத்தில் எனக்கு டீ இறங்காது. நான் கல்லால் செய்த ஆள் இல்லை.

ஆனால் நல்லதையும் சொல்ல வேண்டும் அல்லவா? இப்போது அவள் நான் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. சாப்பாட்டில் உப்பு போட்டேனா என்று என்னைக் கேட்டுத்தான் போடுகிறாள். தலை வாரிவிடுகிறேன், நகம் வெட்டிவிடுகிறேன். சாயங்காலம் பால்கனியில் என் தோளில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவரை மாதிரி யாரும் பார்த்துக்கொள்ளமாட்டார்கள் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். எங்களுக்குள் இப்படி ஒரு நெருக்கம் கல்யாணமான புதிதில்கூட இருந்ததில்லை.

எல்லாம் அப்படியே போயிருக்கும். நேற்று நீ போனில் கல்யாணத்தை நிறுத்திவிட்டேன் என்று சொன்னாய். போனை அவள் காதில் வைத்துப் பிடித்திருந்தவன் நான்தான். "எனக்கும் இது வரும்னு தெரிஞ்சும் என்னை அவன் தலையில கட்டச் சொல்றியாம்மா? நீ பாட்டியோட பட்ட பாட்டை நான் பார்த்தவ" என்றாய். போனை வைத்த பிறகு, என் ரத்தம் பிள்ளையைக் கெடுத்துவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். அவளுக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆகவே உன் டாக்டரிடம் நீ சொல்ல வேண்டியது இதுதான். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. பாட்டிக்கு வந்தது பாட்டியோடு போயிற்று என்று வைத்துக்கொள். உன் அம்மாவுக்கு மறதியைக் கொடுத்தது நான். வேலையிலிருந்து எழுப்பியதும் நான், இந்த வீட்டில் உட்கார வைத்ததும் நான். அந்தப் பையனுக்குப் போன் செய்து, கல்யாணம் அதே தேதியில் நடக்கட்டும் என்று சொல்லிவிடு. அவன் நல்லவன், காரணம் கேட்கமாட்டான்.

ஏன் எழுந்துவிட்டாய்? உட்கார். இதை அம்மாவிடம் என் வாயால் சொல்ல வேண்டும் என்கிறாய். அவளை எழுப்பி, உன் முன்னால், ஒரு வார்த்தை விடாமல். நியாயம்தான். உனக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரிய வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. அதனால் இன்று காலையிலேயே சொல்லிவிட்டேன்.

ஆமாம், எல்லாவற்றையும். இதே நாற்காலியில் அவளை உட்கார வைத்து, முதல் பொய்யிலிருந்து நேற்று மறைத்து வைத்த சாவி வரை சொன்னேன். முதலில் சிரித்தாள். பிள்ளைக்காகப் பழியை உங்கள்மேல் போட்டுக்கொள்ளாதீர்கள், அவள் நம்பமாட்டாள் என்றாள். நான் மேலே சொல்லச் சொல்ல அவள் சிரிப்பு நின்றது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரட்டைப் புகாரைச் சொன்னபோது, நான் அந்த வரியைப் போட்ட விதத்தை அவளே எனக்கு முன்னால் சொல்லி முடித்தாள். எந்த ஃபைல், எந்த இடம் என்று பிசகாமல் சொன்னாள். கன்னத்தில் நிறம் ஏறியது. பழைய முகம் வந்துவிட்டது, பாப்பா. அந்த முகத்தை நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை.

"அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றாள். "சொல்லுங்க. நிஜமாவே எனக்கு ஒண்ணுமே இல்லையா?"

அவள் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எழுந்து பின்னறைக் கதவைப் பார்த்தாள். ஒரேயடியாக எல்லாம் வேண்டாம், கொஞ்சம் படு, அப்புறம் பேசலாம் என்று சொல்லி மாத்திரையைக் கொடுத்தேன். நேரமும் ஆகியிருந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டுப் போட்டுக்கொண்டாள். நான் கொடுத்தால் மறுக்கமாட்டாள்.

மத்தியானம் சாப்பிட எழுப்பினேன். கண் சரியாகத் திறக்கவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "காலையில நீங்க ஏதோ சொன்னீங்கல்ல? எனக்கு ஒண்ணும் இல்லைன்னு?" என்று கேட்டாள்.

நான் எதுவும் சொல்லவில்லையே, கனவு கண்டிருப்பாய் என்றேன். பாவம், அவளை எதற்குக் குழப்ப வேண்டும்?